பின்சுவர் தெரிய வேண்டும்

சின்னவர்களுக்கு என்று ஒரு பங்கை எடுத்து வைப்பதென்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டால், எடுத்து வைப்பதற்கு ஒரு பெரிய கட்டடம் தேவைப்படுகிறது. புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம், மஞ்சள் சுவரும் வெள்ளை வளைவுகளுமாக நிற்கும் பழைய மாளிகை ஒன்றில் சிறியோர் முன்னுரிமைக் கொள்முதல் ஆணையகம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கினாலும் சரி, பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கினாலும் சரி, சிறுதொழில் செய்கிறவரிடம்தான் வாங்க வேண்டும். பெரிய கம்பெனிக்காரன் எவனாவது சின்னவன் வேஷம் கட்டிக்கொண்டு வந்து அள்ளிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்வது ஆணையகத்தின் வேலை. அந்த வேலையை அது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்கிறது. எனக்கு அதனிடம் உள்ள ஒரே மனத்தாங்கல், அந்த விளக்கெண்ணெய் வழிந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்துவிட்டது என்பதுதான்.

புதுச்சேரியின் தொழிற்பேட்டைப் பகுதியான மேட்டுப்பாளையத்தில் ஆணையகத்துக்குச் சொந்தமான ஷெட்டுகள் ஒரு வரிசை இருக்கின்றன. சிறுதொழில்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கட்டியவை. நடுவில் இருக்கும் ஷெட் நபீசாவுடையது. ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற தொழில். கணவன் மொய்னுதீன் அங்கே வெல்டிங் வைக்கிறான். வீட்டில் அவன் பேச்சும் ஷெட்டில் அவள் பேச்சும் எடுபடும் என்று கல்யாணமான புதிதிலேயே இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இதுநாள் வரை அதில் சண்டை வந்ததில்லை.

சண்டை வந்தது வேலையோடுதான். கட்டில் வாங்கிக்கொண்டிருந்த தனியார் நர்சிங் ஹோம்கள் ஒவ்வொன்றாக வெளியூரில் வாங்கத் தொடங்கின. ஷெட் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் ஷெட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆணையகத்துக்கு அதிகாரம் உண்டு. மார்ச் மாதக் கடைசிக்குள் கையில் ஒரு ஆர்டரைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது ஒரே ஒரு ஆர்டர். அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில் வாங்கப் போகிறார்கள், முழுக்க முழுக்கச் சிறுதொழிலுக்கே ஒதுக்கியது. அது கிடைத்தால் ஷெட் தங்கும்.

நபீசா குடியிருக்கும் வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, ஸ்கூட்டர் கணவன் பெயரில் இருக்கிறது. அவள் பெயரில் இந்த உலகத்தில் இருந்த ஒரே கதவு அந்த ஷெட்டினுடையதுதான்.

ஆணையகத்தில் ஆய்வு அலுவலர் கார்குழலி அவள் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். சிறுதொழில் என்று பதிவு செய்துகொண்ட உத்யம் சான்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நீங்களே ஒங்களப் பத்திச் சொல்லிக்கிட்டது. சின்னவங்கன்னு யாரு வேணா சொல்லிக்கலாம். நாங்க பாக்கணும்."

"வந்து பாருங்க மேடம். பைப்பு வளைக்கற பெண்டிங் மெஷினு ஒண்ணே ஒண்ணு, ஒரு டிரில்லு, ரெண்டு வெல்டிங் செட்டு. பாக்கறதுக்கு அஞ்சு நிமிசம் ஆவாது."

"மெஷின எண்ணி வெலை பாக்கறதெல்லாம் பழைய முறை. பில்லக் கொறச்சிக் காட்டி எல்லாரும் ஏமாத்தறாங்கன்னு கமிஷனர் அத மாத்திட்டாரு. இப்ப பின்சுவர் விதி." கார்குழலி பேனாவை மூடினார். "வாசப்படியில நின்னு பாத்தா பின்சுவர் தெரியணும். தெரிஞ்சா சிறுதொழில். ஏதாவது மறைச்சிக்கிட்டிருந்தா நடுத்தரத் தொழில்."

"கரண்ட் இல்லாத நேரத்துல பாத்தா மேடம்?"

"கரண்ட் இல்லன்னா எல்லாருமே நடுத்தரம்தான்."

அதில் கிண்டல் எதுவும் இல்லை. கார்குழலி நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். போன ஆய்வு ஒன்றில், உள்ளே காயப்போட்டிருந்த போர்வை சுவரை மறைத்தது என்பதற்காகத் தன் சொந்தச் சித்தப்பாவையே நடுத்தரமாக்கியவர்.

ஆய்வுக்கு முன்னால் நேர்காணல் ஒன்று உண்டு. அதற்குக் காத்திருக்கும் பெஞ்சில் நபீசாவின் பக்கத்தில் விக்ரம் என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான். அவனும் அதே கட்டில் ஆர்டருக்குத்தான் விண்ணப்பித்திருந்தான், நேர்காணலெல்லாம் முடிந்து ஆய்வுச் சான்றை வாங்கிப்போக வந்திருந்தான். ரெட்டியார்பாளையத்தில் ஒரு அறை, அதில் ஒரு மேசை. அதுதான் அவன் தொழிற்சாலை.

"கட்டிலு எங்க தம்பி செய்யறீங்க?" என்று கேட்டாள்.

"நாம எங்கக்கா செய்யறது? வடக்க ஒரு பெரிய கம்பெனி இருக்குது. அவங்க செஞ்சி அனுப்புவாங்க. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன்." அவன் ஒளிக்காமல் சொன்னான். "நேத்து ஆய்வு பண்ணாங்கக்கா. கதவத் தொறந்த ஒடனே பின்சுவர் தெரிஞ்சிது. அதுல இருந்த பல்லிகூடத் தெரிஞ்சிதுன்னு மேடம் எழுதிக்கிட்டாங்க."

இவனைவிடச் சின்னவளாக எப்படி ஆவது என்று நபீசாவுக்குப் புரியவில்லை.

உள்ளே நீள மேசைக்கு நடுவில் ஆணையர் அந்துவான் தேவசகாயம் இருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் தாத்தா 'மேரி' என்ற நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் பெண்களை மதாம் என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு வலப்பக்கம் கார்குழலி. இடப்பக்கம் ஒரு வங்கி மேலாளர். குழுவில் வங்கிக்காரர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. நபீசாவுக்கு அவரைத் தெரியும். மேட்டுப்பாளையம் வரிசையில் பாதிப் பேருக்கு மெஷின் கடன் கொடுத்தவர் அவர்தான்.

"மதாம், உரிமையாளர் வரலியா?" என்று ஆணையர் அன்பாகக் கேட்டார்.

"நான்தான் சார்."

"சரி சரி. அவர உள்ள கூப்பிடுங்க."

வெளியே நின்ற மொய்னுதீனைக் கூப்பிட்டார்கள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, "நான் இவங்ககிட்ட வேலை செய்யறேன் சார்" என்றான். குழு அதைச் சிறிது நேரம் ஆலோசித்தது. கணவனையே வேலைக்கு வைத்திருப்பவர் எவ்வளவு சின்னவராக இருக்க முடியும் என்ற சந்தேகம் பதிவு செய்யப்பட்டது.

பிறகு ஆணையர் கேட்டார். "இவ்ளோ கட்டில அந்தச் சின்ன எடத்துல ஒங்களால செய்ய முடியுமா?"

"முடியும் சார்."

"முடியும்னா நீங்க சின்னவங்க இல்லியே."

நபீசா சுதாரித்துக்கொண்டாள். "முடியாது சார்."

"முடியாதவங்களுக்கு எப்படி மதாம் ஆர்டர் குடுக்கறது?"

மொய்னுதீன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினான். நபீசா சொன்னாள். "முடிஞ்சும் முடியாம செய்வேன் சார்."

"வொய்லா!" ஆணையர் மேசையைத் தட்டினார். "இதான் சிறுதொழில். எழுதிக்கோங்க கார்குழலி. ஆய்வுக்கு அனுப்பலாம்."

அதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள, அந்த ஷெட் வரிசையின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே 'ஆபீசர் வராரு' என்றால் ஒரே அர்த்தம்தான்: வங்கியிலிருந்து பார்வையிட வருகிறார். கடன் கொடுத்த வங்கிக்கு ஷெட் நிறைந்திருக்க வேண்டும். காலியாகக் கிடந்தால் கடன் மூழ்கிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே யார் ஷெட்டுக்கு ஆபீசர் வந்தாலும் பக்கத்து ஷெட்காரர்கள் தங்கள் மெஷின்களை உருளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே நிறுத்திவிடுவார்கள். ஆபீசர் போனதும் தள்ளிக்கொண்டு போவார்கள். இதை யாரும் ஏமாற்று வேலையாக நினைப்பதில்லை. கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டான் கொடுத்து வாங்குவது மாதிரிதான். கேட்டுக் கொடுப்பது மரியாதைக் குறைவு, கேட்பதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதுதான் முறை. பக்கத்து ஷெட்டில் இரும்பு கேட், கிரில் செய்கிற பக்கிரிக்கு இந்த விஷயத்தில் பெரிய கை.

ஆய்வு நாளன்று வழி காட்டுவதற்காக நபீசாவை ஆணையகத்துக்கே வரச் சொல்லியிருந்தார்கள். ஜீப்பில் முன்னால் வங்கி மேலாளர், பின்னால் கார்குழலி, அவருக்குப் பக்கத்தில் நபீசா. புறப்படும்போது அவள் கணவனுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது என்ன பேச முடியும்? "ஏங்க, ஆபீசருங்க வராங்க. ரெடியா இருங்க" என்றாள். ஷெட் பேச்சு தன் பாகம் என்பதால் பின்சுவர் விதியை அவள் அவனிடம் சொன்னதே இல்லை.

"நீ ஒண்ணும் கவலப்படாத. நான் பாத்துக்கறேன்" என்றான் மொய்னுதீன். அவன் குரலில் இருந்த தெம்பு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஜீப்பில் போகும்போது அவள் மனதுக்குள் ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். காலியாக, துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். வாசலில் நின்றால் பின்சுவர் பளிச்சென்று தெரியும். இன்ஷா அல்லா, இன்றோடு இந்த வதை முடிந்தது.

ஜீப் வரிசைக்குள் திரும்பியது. மற்ற ஷெட்டுகள் எல்லாம் ஷட்டரை இறக்கிக்கொண்டு மௌனமாக இருந்தன. அவள் ஷெட்டின் வாசல் வரைக்கும் இரும்பு நிறைந்திருந்தது. லேத், பவர் பிரஸ், ஷியரிங் மெஷின், இரண்டு கம்ப்ரசர், பெயர் தெரியாத பச்சை நிற மெஷின் ஒன்று. எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். மெஷின்களுக்கு நடுவில் தலை மட்டும் தெரிய மொய்னுதீன் நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பக்கிரி டீ கிளாஸ் தட்டோடு வாசலில் நின்றார்.

நபீசா ஓடிப்போய்க் கணவனின் கையைப் பிடித்தாள். "இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மானத்தக் காப்பாத்திட்டேன். பக்கிரி அண்ணந்தான் எல்லாரையும் சேத்துது."

"சின்னதா இல்லியான்னு பாக்க வந்திருக்காங்கங்க!"

மொய்னுதீனின் சிரிப்பு ஒரேயடியாக வடிந்தது.

கார்குழலி வாசப்படியில் நின்றார். நேராகப் பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார், எக்கிப் பார்த்தார். பிரஸ்ஸுக்கும் லேத்துக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியாகக் கொஞ்சம் சுவர் தெரிந்தாலும் போதும். கார்குழலி அந்தச் சந்துக்கு நேராக வந்தார். மொய்னுதீன் பதறிப்போய் விலகி வழிவிட்டான். அவன் விலகியதும் அவனுக்குப் பின்னால் இருந்த கம்ப்ரசர் தெரிந்தது.

"தெரியல" என்றார் கார்குழலி.

அந்தச் சமயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாம். சொல்லவும் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் வங்கி மேலாளர் உள்ளே புகுந்து லேத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "இத எங்கயோ பாத்தாப்பல இருக்குதே" என்றார்.

வரிசையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது: கடனில் வாங்கிய மெஷின் சொந்த ஷெட்டின் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டியது தெரிந்தால் கடன் மொத்தத்தையும் உடனே கட்டச் சொல்வார்கள், கட்டாவிட்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பக்கிரி பஞ்சாலையில் வேலை போன ஒருவரின் மகன். அந்த மேலாளர் கொடுத்த கடனில் இந்த லேத் வருவதற்கு முன்னால் மற்றவர்கள் ஷெட்டில் கூலிக்கு நின்றவர். இப்போது டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நபீசாவையே பார்த்தார்.

மேலாளர் லேத்தின் நெற்றியைச் சுட்டிக்காட்டினார். "மேடம், நீங்க முஸ்லிம். லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வெச்சிருக்குதே?"

ஆயுத பூசைக்குப் பக்கிரி வைத்தது.

"வேல செய்யற பசங்க வெச்சது சார்" என்றான் மொய்னுதீன். அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

கார்குழலி தன் படிவத்தில் 'மத நல்லிணக்கம்: நன்று' என்று எழுதிக்கொண்டார். பிறகு பையிலிருந்து காகித முத்திரைகளை எடுத்து ஒவ்வொரு மெஷினிலும் ஒட்டினார். விசாரணை முடியும்வரை எதையும் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் சின்னவராக நடிக்க முயன்றதாகக் கருதப்படும். டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள்.

அன்றைக்கே வரிசை முழுக்க வேலை நின்றது. மெஷினெல்லாம் நபீசாவின் ஷெட்டில் முத்திரையோடு நிற்க, சொந்தக்காரர்கள் காலி ஷெட்டுகளில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாலைந்து ஷெட்டுகளிலும் வாசலிலிருந்தே பின்சுவர் அழகாகத் தெரிந்தது. அவர்களில் யாராவது விண்ணப்பித்திருந்தால் அந்த வாரம் கட்டாயம் தேறியிருப்பார்கள்.

மார்ச் முடியப்போகிறது. நபீசா வீட்டில் யாரோடும் பேசவில்லை. மொய்னுதீன் ஒரு முறை, "நல்லதுன்னு நெனச்சித்தான்..." என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் சோற்றைப் பிசைந்தபடியே நிறுத்திக்கொண்டான். அவன்மேல் அவளுக்குக் கோபம் பொங்கிப் பொங்கி வந்தது. ஆனால் அவன் செய்த தப்பு என்ன என்று எடுத்துச் சொல்லப் போனால், அண்டை வீட்டாரோடு ஒற்றுமையாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் கோபம் போக வழியில்லாமல் நெஞ்சிலேயே நின்றது.

விசாரணைக்கு முன்தினம் பக்கிரி வந்தார்.

"நபீசாம்மா, நாளைக்கு நான் வந்து சொல்லிடறேன். லேத்து என்னுதுன்னு சொல்லிடறேன். ஒன் ஷெட்டு போவக் கூடாது."

"சொன்னா லேத்து போயிடும் அண்ணே. அந்தாளு அங்கதான் ஒக்காந்திருப்பாரு."

"போனா போவுது. திரும்பக் கூலிக்கு நிப்பேன். புதுசா எனக்கு?"

வரட்டும், சொல்லட்டும் என்று அவளுக்குள் ஒரு மனசு சொன்னது. அந்த மனசை அவள் அடக்கவில்லை. இரவெல்லாம் அது அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது.

விசாரணையை ஆணையர் ஒரு பேச்சோடு தொடங்கினார். எல்லா விசாரணையையும் அப்படித்தான் தொடங்குவார்.

"இந்த ஆணையகம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு பெரிய கம்பெனியக்கூட இந்த வாசல்ல விட்டதில்ல. சின்னவங்களையும் ரொம்ப ஜாக்கிரதையாத்தான் விட்டிருக்கோம். ஏன்னா, சின்னவங்க மேல எங்களுக்கு அவ்ளோ பாசம். ஒருத்தர் நெஜமாவே சின்னவரான்னு சந்தேகம் வந்துட்டா, அந்த வருஷம் வாங்கறதையே நிறுத்திடுவோம். போன வருஷம் அப்படித்தான் நிறுத்தனோம். ஆஸ்பத்திரியில நோயாளி தரையில படுத்திருந்தான், ஒத்துக்கறேன். ஆனா தப்பான ஆளு செஞ்ச கட்டில்ல படுத்தான்ற கெட்ட பேரு எனக்கு வரல. அந்த நோயாளிக்கும் வரல."

குழுவினர் மேசையைத் தட்டினார்கள். வங்கி மேலாளர் முன்னால் ஒரு கோப்பு இருந்தது. கடன் கொடுத்த மெஷின்களின் படங்களை அதில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு அருகில் பிடித்தார்.

"மதாம்," என்றார் ஆணையர், "அந்த மெஷினெல்லாம் யாருது?"

பின் வரிசையில் பக்கிரி எழுந்து நின்றார். வேட்டியை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மேலாளர் படத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

நபீசா வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றால் போதும். பக்கிரி சொல்லிவிடுவார். பின்சுவர் தெரியும், ஆர்டர் வரும், ஷெட் தங்கும். அவள் எதுவும் செய்ய வேண்டாம்.

"சார், அந்த லேத்து வந்து..." என்று பக்கிரி ஆரம்பித்தார்.

"என்னுது!" என்றாள் நபீசா. மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள். "எல்லாம் என்னுது சார். ஒண்ணு பாக்கியில்லாம என்னுது. அவரு எங்கிட்ட வேல கேட்டு வந்தவரு. ஒக்காருங்க அண்ணே!"

பக்கிரி உட்காரவில்லை. அப்படியே நின்று அழுதார். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அழுகிறார் என்று கார்குழலி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

ஆணையர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"விண்ணப்பம் குடுக்கும்போது இவங்க சின்னவங்க. நேர்காணல்லயும் சின்னவங்க. ஆய்வுக்குப் போறதுக்குள்ள நடுத்தரமாயிட்டாங்க! ஒரு ஆர்டர்கூட நாம குடுக்கல. விண்ணப்பம் வாங்கினதுக்கே இந்த வளர்ச்சின்னா, ஆர்டர் வேற குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

ஆணையகத்தில் சால்வைக்குப் பஞ்சமில்லை. பீரோவைத் திறந்து ஒன்றை எடுத்து நபீசாவுக்குப் போர்த்தினார்கள். கையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னபோது அவள் சிரித்தாள். மேலாளர் கோப்பை மூடிவிட்டு முதல் ஆளாக வந்து வாழ்த்தினார். வளர்ந்தவர்களின் மெஷினை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாம் முடிந்து அவள் படியிறங்கும்போது கார்குழலி பின்னாலேயே வந்தார்.

"மேடம், சாவி?"

"எந்தச் சாவி?"

"ஷெட்டு சாவி. அது சிறுதொழிலுக்கு மட்டும்தான். நீங்க இப்ப நடுத்தரம். நடுத்தரத்துக்குன்னு தனி எஸ்டேட் வரப்போவுது. எடம் பாத்துக்கிட்டிருக்காங்க."

நபீசா சாவியை வளையத்திலிருந்து கழற்றப் பார்த்தாள். மொய்னுதீன் வாங்கிக் கழற்றிக் கொடுத்தான். சால்வையைத் தோளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அதைப் போர்த்தியபடியே பஸ்ஸில் போனாள்.

முத்திரைகளைப் பிரித்த அன்று மாலையே எல்லா மெஷின்களும் அவரவர் ஷெட்டுக்குத் திரும்பின. கடைசியில் நபீசாவின் மெஷின்கள் மட்டும் வெயிலில் நின்றன. யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கிரி பெண்டிங் மெஷினைத் தள்ளிக்கொண்டு தன் ஷெட்டுக்குள் போனார். அடுத்தவர் டிரில்லை எடுத்துக்கொண்டார். வெல்டிங் செட்டுகள் ஆளுக்கொன்றாக இரண்டு ஷெட்டுகளுக்குப் போயின. பெயின்ட் டப்பாக்கள் இன்னொரு ஷெட்டின் மூலைக்குப் போயின. எங்கே எது இருக்கிறதோ அங்கே போய் அதைச் செய்துகொள்வதென்று முடிவானது. கேட், ஜன்னல், சில்லறை ரிப்பேர் என்று கைக்கும் வாய்க்குமாக வந்தது.

சில வாரம் கழித்துக் கார்குழலி வந்தார். வரிசை முழுக்க நடந்து பார்த்தார். நபீசாவின் தொழில் ஐந்து இடங்களில் நடப்பதை உறுதி செய்துகொண்டார்.

"ஒரு எடத்துக்கு மேல போனாலே பெரிய தொழில்தான் மேடம்" என்றார். "அஞ்சு எடத்துல நடத்தறீங்க. இந்த வரிசையில மொத மொதல்ல பெரிய கம்பெனி நீங்கதான். ரொம்பப் பெருமையா இருக்குது."

இந்த முறை நபீசாவுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது.

கட்டில் ஆர்டர் விக்ரமுக்குப் போயிருந்தது. கையில் ஆர்டர் இருந்தும் ஷெட் இல்லாத சிறுதொழில்காரர் என்ற முறையில் நபீசாவின் ஷெட்டும் அவனுக்கே போனது. அவன் அதில் தன் மேசையைக் கொண்டுவந்து போட்டான். மேசையைப் போட்ட பிறகும் ஷெட் காலியாகத்தான் இருந்தது. ஒரு நாள் அவன் கையைப் பிசைந்துகொண்டு நபீசாவிடம் வந்து நின்றான்.

"அக்கா, வடக்க இருக்கற கம்பெனி கைய விரிச்சிட்டான். கட்டிலு குடுக்கலன்னா என்ன இனிமே எதுலயும் சேக்க மாட்டாங்க. பெரிய கம்பெனி யாராவது தெரியுமான்னு ஆணையகத்துல கேட்டேன். ஒங்க பேரத்தான் சொன்னாங்க."

"எம் பேரையா?"

"நான் ரொம்பச் சின்ன ஆளுக்கா. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

நபீசா அவனைப் பார்த்தாள். அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவன் தோளுக்கு மேலே பக்கிரியும் மொய்னுதீனும் மற்றவர்களும் தெரிந்தார்கள். வேலையில்லாமல் நின்றிருந்த எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பைப்பு எப்ப தம்பி வரும்?" என்று கேட்டாள்.

ஐந்து ஷெட்டிலும் வேலை நடந்தது. பக்கிரி ஷெட்டில் வளைத்தார்கள், அடுத்ததில் துளை போட்டார்கள், அதற்கடுத்ததில் மொய்னுதீன் வெல்டிங் வைத்தான். கட்டில் ஒவ்வொன்றிலும் விக்ரம் தன் பெயர் போட்ட தகட்டை ஒட்டினான். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஆணையர் பார்வையிட வருவதாகச் சொல்லியனுப்பினார். நபீசாவின் பழைய ஷெட்டில் பந்தல் போட்டார்கள். விழாவுக்குப் பெரிய தொழில் துறையின் சார்பில் சிறப்பு விருந்தினராக நபீசாவை அழைத்திருந்தார்கள். ஆணையருக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. தன் ஷெட்டுக்குள் அவள் அழைப்பிதழைக் காட்டிவிட்டு நுழைந்தாள்.

ஆணையர் ஒரு கட்டிலின் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பற்ற வைத்த இடத்தை விரலால் தடவினார். மைக்கை வாங்கினார்.

"இந்தப் பத்தவெப்பப் பாருங்க. இதுல ஒரு மனுஷனோட கை தெரியுது. இதுக்காகத்தான் சின்னவங்களுக்கு ஒதுக்கணும்னு நாங்க ஒத்தக் கால்ல நிக்கறோம்." அவர் நபீசாவின் பக்கம் திரும்பினார். "மதாம், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. மனச்சாட்சியோட சொல்லுங்க. ஒங்கள மாதிரிப் பெரிய கம்பெனிக்காரங்க இப்படி ஒரு கட்டிலு செய்வீங்களா?"

மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார். பந்தலில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"செய்ய மாட்டோம் சார்" என்றாள் நபீசா.

எல்லாரும் கை தட்டினார்கள். பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மொய்னுதீனும் தட்டினான்.